நம் வரிகள் எந்தப் பக்கம்? ஃபாக், எம்.டி.டி.: ஓர் ஒப்பாய்வு

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் இரண்டு கணினி லேபுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கணினி அறிவியல் பிள்ளைகளின் லேபில் 60 கணினிகள், வணிகவியல் லேபில் 40. இயங்குதளத்தை ஒவ்வொன்றிலும் கையால் ஏற்றினால் ஒரு வாரம் போய்விடும். அதனால் ஏற்றுகிற வேலையை சர்வரிடம் விட்டிருக்கிறோம். முதல் லேபுக்கு டெபியன் லினக்ஸின் மேல் ஓடும் ஃபாக், இரண்டாவதற்கு மைக்ரோசாஃப்டின் டிப்ளாய்மென்ட் டூல்கிட், சுருக்கமாக எம்.டி.டி. இரண்டு சர்வரும் ஒரே ரேக்கில் மேலும் கீழுமாக இருக்கின்றன. இரண்டையும் புதுப் பதிப்புக்கு மாற்றுவது எப்போதும் செமஸ்டர் செய்முறைத் தேர்வு முடிந்த மறுநாள்தான். வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அந்த ஒரு நாளில்தான் இந்த இரண்டு மென்பொருள்களின் குணமும் தெரியும்.

மென்பொருளைப் புதுப்பிப்பது கடினமில்லை. அதற்குள் நாம் செய்து வைத்த மாற்றங்களைக் காப்பாற்றுவதுதான் கடினம். எங்கள் லேபுகளில் அப்படிப்பட்டவை நிறைய. டாஸ்பாக்ஸுக்குள் ஓடும் டர்போ சி, டேலி, தமிழ் விசைப்பலகை, எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக மலையாள விசைப்பலகை, பழைய அலுவலகக் கோப்புகளைத் திறக்க வானவில் எழுத்துரு, கணினிகளுக்கு வரிசை எண்ணோடு பெயர் வைக்கும் ஸ்கிரிப்ட், பிரின்டர்கள். எந்த மென்பொருளிலும் இவை தயாராக வருவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு நாள் ஒருவர் உட்கார்ந்து எழுதிய வரி.

ஃபாக் 2007-இல் சக் சிபெர்ஸ்கி, ஜியான் ஜாங் என்ற இருவர் தொடங்கிய திறந்த மூலத் திட்டம். தயார் செய்த ஒரு கணினியின் வட்டை அப்படியே படியெடுத்து, ‘இமேஜ்’ ஆக்கி, நெட்வொர்க் வழியாக மற்றக் கணினிகளில் இறக்கும். எம்.டி.டி. போகும் வழி வேறு. படியெடுத்து ஒட்டுவதைவிட, விண்டோஸை முதலிலிருந்து நிறுவி, டிரைவர்களைப் போட்டு, மென்பொருள்களை வரிசையாக ஏற்றி, பெயர் வைத்து முடிக்கும் ஒரு வேலைப்பட்டியலையே அது பெரிதும் நம்புகிறது. டாஸ்க் சீக்வென்ஸ் என்பது அந்தப் பட்டியலின் பெயர். தோசை வேண்டுமென்றால் ஃபாக் சுட்ட தோசையைக் கொண்டுவந்து தரும், எம்.டி.டி. மாவையும் கல்லையும் கொண்டுவந்து ஒவ்வொரு மேசையிலும் சுட்டுத் தரும். நம் மாற்றங்கள் எங்கே குடியிருக்கின்றன என்பதும் இதனாலேயே இரண்டிலும் மாறுபடுகிறது.

ஃபாக்கைப் புதுப்பிப்பதற்குத் தனி வழி கிடையாது. முதன்முதலில் நிறுவ எந்த ஸ்கிரிப்டை ஓட்டினோமோ, புதுப் பதிப்பில் உள்ள அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்ட வேண்டும். ஓடத் தொடங்கியதும் அது ‘ஃபாக்செட்டிங்ஸ்’ என்ற சிறு ஃபைலைத் தேடுகிறது. நிறுவிய நாளில் அது கேட்ட கேள்விகளுக்கு நாம் சொன்ன பதில்கள் எல்லாம் அதில் இருக்கும். சர்வரின் ஐ.பி. முகவரி எது, எந்த நெட்வொர்க் கார்டு, கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.யை ஃபாக்கே பார்த்துக்கொள்ளட்டுமா, டேட்டாபேஸின் பயனர் யார். அந்தப் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் புதிதாக வார்க்கிறது. இணையப் பக்கங்கள் இருக்கும் ஃபோல்டரை ஹோமுக்குள் படியெடுத்து வைத்துவிட்டுப் புதிதை வைக்கும். கணினிகள் பூட் ஆகும்போது இறங்கும் கெர்னலையும் மாற்றும். டேட்டாபேஸில் உள்ள கணினிகளின் பட்டியல், மேக் முகவரிகள், குழுக்கள், பிரின்டர்கள் அப்படியே நிற்கும். பிரவுசரில் ஒரு பொத்தானை அழுத்தினால் அட்டவணைகள் மட்டும் புது வடிவத்துக்கு மாறும். இமேஜ்கள் இருக்கும் ஃபோல்டரை அது தொடுவதில்லை. இமேஜ் இறங்கி முடிந்தபின் ஓட வேண்டிய நம் ஸ்கிரிப்டுகளின் இடமும் அதற்குள்ளேதான் என்பதால் அவையும் பிழைத்துக்கொள்ளும்.

ஆகவே ஃபாக்கில் எல்லைக்கோடு பதிலுக்கும் ஃபைலுக்கும் இடையில் ஓடுகிறது. ஃபாக் நம்மிடம் கேட்டு வாங்கியது நம்முடையது. ஃபாக் எழுதிய ஃபைலுக்குள் கேட்காமலே நாம் போய் எழுதியது நம் பொறுப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

லேபை ஒட்டி ஒரு பிராஜெக்ட் அறை, அதில் 12 கணினிகள். அவற்றுக்காக சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு, டி.எச்.சி.பி. ஃபைலில் அந்த அறைக்குத் தனியாக எட்டுப் பத்து வரிகள் சேர்த்திருந்தேன். புதுப்பித்து முடித்து லேபுக் கணினிகளைப் பூட் செய்தபோது எல்லாம் சரியாக வந்தன. பிராஜெக்ட் அறையில் 12 திரைகளிலும் ஒரே வரி: ‘பிஎக்ஸ்இ-ஈ51’. முகவரி கொடுக்க யாரும் வரவில்லை என்பது அதன் பொருள். கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை அணைத்துப் போட்டேன், ஒரு மணி நேரம் போனது. கடைசியில் டி.எச்.சி.பி. ஃபைலைத் திறந்தால் நான் சேர்த்த வரிகள் இல்லை. ஆண்டுகளுக்கு முன் நிறுவிய அன்று, டி.எச்.சி.பி.யை ஃபாக்கே அமைக்கட்டும் என்று நான்தான் ‘ஆம்’ சொல்லியிருந்தேன். ஃபாக் அந்த ‘ஆம்’ என்பதைப் பத்திரமாகக் காத்து வைத்திருந்தது. அதன்படியே ஃபைலைப் புதிதாக எழுதியது. சொன்ன சொல்லை அது மீறவில்லை. என்ன சொன்னோம் என்பதை மறந்தது நான்.

எங்கள் மூத்த லேப் ஆசிரியர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்த நேரம் அது. வாசலில் வந்து நின்று, “என்ன மக்ளே, நோட்டுல எழுதிப் போட்டிருக்கியா?” என்று கேட்டார். எழுதவில்லை. அன்று சாயங்காலம் அவரே ஒரு நீள நோட்டு வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் டி.எச்.சி.பி.யை ஃபாக்கின் கையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தேன், செட்டிங்ஸ் ஃபைலில் அந்தப் பதிலை ‘இல்லை’ என்று மாற்றினேன். ஒரு பழைய மாடல் கணினிக்காக வைத்திருந்த தனி கெர்னலுக்கு வேறு பெயர் கொடுத்து, ஃபாக்கின் அமைப்புப் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன். ஃபாக் தன் பெயரில் உள்ள கெர்னலைத்தான் மாற்றும், வேற்றுப் பெயரில் உள்ளதைச் சீண்டாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது சான்றிதழ்ச் சாவி. ஒவ்வொரு கணினியிலும் இருக்கும் ஃபாக் கிளையன்ட், நிறுவிய நாளில் சர்வரின் சான்றிதழைப் பார்த்து வைத்துக்கொண்டு அதை மட்டுமே நம்பும். நாமாகக் கேட்டாலொழிய இன்ஸ்டாலர் அந்தச் சாவியை மாற்றுவதில்லை. ஆனால் சர்வரையே வேறு கணினிக்கு மாற்றும்போது அந்த ஒரு ஃபோல்டரை எடுத்துப்போக மறந்தால், 60 கணினிகளிலும் கிளையன்டைத் திரும்ப நிறுவ வேண்டிவரும். நோட்டில் முதல் பக்கம் அதற்குத்தான்.

எம்.டி.டி.யில் புதுப்பிக்கும் நாள் இதைவிட அமைதியானது. அங்கே மென்பொருள் ஓரிடம், நம் பொருள்கள் ஓரிடம். டிப்ளாய்மென்ட் ஷேர் என்ற பெரிய ஃபோல்டருக்குள் டிரைவர்களுக்கு ஒன்று, மென்பொருள்களுக்கு ஒன்று, ஸ்கிரிப்டுகளுக்கு ஒன்று என்று அறை அறையாகப் பிரித்திருக்கும். அதில் ‘கன்ட்ரோல்’ என்ற அறை முழுக்க நம்முடையது. ‘கஸ்டம்செட்டிங்ஸ்’, ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற இரண்டு ஃபைல்களும் நம் டாஸ்க் சீக்வென்ஸ்களும் அங்கே இருக்கும். புதுப் பதிப்பை நிறுவியதும், இந்த ஷேரையும் மேம்படுத்தவா என்று கேட்கும். சரி என்றால் ஸ்கிரிப்ட் அறைக்குள் புது ஃபைல்களைக் கொட்டும், கன்ட்ரோல் அறையில் கை வைக்காது. மைக்ரோசாஃப்டின் ஸ்கிரிப்டையே திறந்து திருத்தியிருந்தால் அந்தத் திருத்தம் போய்விடும்; தனிப் பெயரில் எழுதி, கஸ்டம்செட்டிங்ஸிலிருந்து அழைத்திருந்தால் பிழைக்கும். பூட் இமேஜை முழுக்கத் திரும்ப உருவாக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கவனத்தில் வைக்க வேண்டியது. பூட்ஸ்ட்ராப் ஃபைல் பூட் இமேஜுக்குள்ளேயே வைத்துத் தைக்கப்படுவதால், இதைச் செய்யாவிட்டால் வெளியே என்ன மாற்றினாலும் கணினிகள் பழைய பூட்ஸ்ட்ராப்பையே படிக்கும்.

வடிவமைப்பு என்று பார்த்தால் எம்.டி.டி.தான் சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. எது யாருடையது என்பதை ஃபோல்டரின் பெயரே சொல்கிறது. புதிதாக வேலைக்கு வந்த ஒருவரிடம் ‘கன்ட்ரோலைப் பேக்கப் எடு’ என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஃபாக்கில் அதே ஆளுக்கு நோட்டின் ஆறு பக்கங்களை வாசித்துக் காட்ட வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, ஃபாக்கைத் தாங்கி நிற்கும் டெபியனின் வழி. தான் கொடுத்த அமைப்பு ஃபைலின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை டெபியன் நினைவில் வைத்திருக்கிறது. புதுப்பிக்கும்போது, நாம் அந்த ஃபைலைத் தொடவில்லையென்றால் பேசாமல் மாற்றும். நாம் மாற்றி, அவர்கள் மாற்றாதிருந்தால் நம்முடையதை விட்டுவிடும். இரண்டு பேரும் மாற்றியிருந்தால் மட்டுமே நின்று கேட்கும்: உன்னுடையதை வைக்கவா, புதியதைப் போடவா, வேறுபாட்டைக் காட்டவா? பதில் சொல்லாமல் என்டரைத் தட்டினால் நம்முடையது நிற்கும், புதியது வேறு பெயரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மழை நாளில் கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் என்டர், என்டர் என்று தட்டிக்கொண்டே போனவர்கள் எத்தனை பேர்! பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புது ஃபைலை அதன்பின் யாரும் திறப்பதில்லை.

காப்பாற்றி வைத்ததெல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நானும் வெகுநாள் நம்பினேன். வணிகவியல் லேபில் நடந்த ஒன்று அதை மாற்றியது.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பள்ளியில் தமிழ்99 முறையில் தட்டச்சு பழகியவள், என்னிடம் வந்தாள். “சார், ‘அ’ அடிச்சா என்னமோ வருது சார்.” போய்ப் பார்த்தேன். ஏ என்ற ஆங்கில எழுத்துள்ள விசையைத் தட்டினாள். தமிழ்99-இல் அங்கே ‘அ’ வர வேண்டும். திரையில் ஒரு புள்ளி வட்டமும் அதைச் சுற்றி ஓகாரக் குறியும் வந்து நின்றன. அது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்த அந்த அமைப்பில், அந்த விசைக்கு ஓகாரக் குறிதான்.

எப்படி வந்தது என்று தேடினால், கஸ்டம்செட்டிங்ஸில் ஒரு வரி: விசைப்பலகை 0449:00000449. எங்கள் லேபில் முதன்முதலாகத் தமிழ் வேண்டும் என்று கேட்டபோது எழுதியது. அன்று விண்டோஸில் சொந்தமாக இருந்த தமிழ் விசைப்பலகை அது ஒன்றுதான், தமிழ்99 வேண்டுமென்றால் வெளி மென்பொருள் ஒன்றை ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டு அரசு தமிழ்99-ஐத் தரப்படுத்தியதோ 1999-இல், சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி. பின்னாளில் விண்டோஸ் 10 தமிழ்99-ஐத் தன்னுள்ளேயே கொண்டுவந்தது. அதற்கு வேறு எண். எங்கள் லேபில் விண்டோஸ் மாறியது, எம்.டி.டி. இரண்டு முறை மாறியது, கணினிகளே மாறிவிட்டன. அந்த ஒரு வரி மட்டும் ஒவ்வொரு முறையும் பத்திரமாகக் காப்பாற்றப்பட்டு, ஒவ்வொரு கணினியிலும் பழைய விசைப்பலகையை வைத்துக்கொண்டே இருந்தது. அத்தனை ஆண்டும் எத்தனை பிள்ளைகள் தமக்குத் தமிழ் அடிக்க வரவில்லை என்று நினைத்துப் பேசாமல் ஆங்கிலத்துக்குப் போனார்களோ என்று எண்ணினால் இன்றும் மனம் சங்கடப்படுகிறது.

அமைதியாகக் காப்பாற்றும் மென்பொருளின் விலை இது. வரி அழியவில்லை, அதனால் யாரும் அதைத் திரும்ப வாசிக்கவில்லை. எம்.டி.டி.யின் டாஸ்க் சீக்வென்ஸும் இப்படித்தான். புதுப் பதிப்பு நல்ல வார்ப்புருக்களோடு வந்தாலும், நாம் முன்பு உருவாக்கிய பட்டியல் பழைய வார்ப்பிலேயே இருக்கும். புதிதாக ஒன்றை உருவாக்கினால்தான் புது வசதி கிடைக்கும் என்பதை அது எங்கும் சொல்லாது.

காப்பாற்றி வைத்த வரி காலத்தோடு பழசாகிப்போவது இந்த ஊர்க்காரர்களுக்கு விளங்காத சங்கதி அல்ல. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஒரு மாவட்டத்தையே ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய நாள். இங்குள்ள கோயில்களைத் திருவிதாங்கூர் அரசு பராமரித்து வந்த ஏற்பாடு அதில் அறுந்துபோகக் கூடாது என்று அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தில் 290ஏ என்ற பிரிவையே சேர்த்தார்கள். அதன்படி ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயை மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து இங்குள்ள கோயில்களுக்கான தேவசம் நிதிக்குத் தர வேண்டும். கேரளப் பங்கு 46 லட்சத்து 50 ஆயிரம். ஒரு பகுதியின் தனி ஏற்பாட்டை இதைவிடப் பத்திரமான இடத்தில் வைக்க முடியாது. ஆனால் அந்தத் தொகை எண்ணாகவே எழுதப்பட்டுவிட்டது. 1956-இன் 13 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் இன்றைய 13 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் உள்ள தூரம் சுசீந்திரத்திலோ திருவட்டாறிலோ விளக்குக்கு எண்ணெய் வாங்குகிறவருக்குத் தெரியும். பிரிவில் எழுதியிருக்கும் எண் இன்னும் அதேதான்.

ஃபாக்கில் இப்படி ஒரு வரி எனக்குத் தெரியாமல் பத்தாண்டு உயிரோடு இருப்பது அரிது. விசைப்பலகை அங்கே இமேஜுக்குள் இருக்கிறது. இமேஜை ஆண்டுக்கொரு முறை புதிதாகச் செய்கிறோம், செய்கிற ஆள் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். சோம்பலில் பழைய இமேஜையே வருடக்கணக்கில் ஓட்டுகிற லேபுகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இமேஜ் எடுத்த தேதி பட்டியலில் கண்ணெதிரே நிற்கும். ஒரு கஸ்டம்செட்டிங்ஸ் வரிக்குத் தேதி கிடையாது.

எம்.டி.டி. இப்போது வந்து நிற்கும் இடம்தான் இந்த ஒப்பீட்டில் எனக்கு அதிக வருத்தம் தருவது. அதன் கடைசிப் பதிப்பு 8456, வெளிவந்தது 2019 ஜனவரியில். விண்டோஸ் 11-ஐ அது ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. எம்.டி.டி.யின் உயிர் இருப்பது வி.பி.ஸ்கிரிப்ட் என்ற பழைய ஸ்கிரிப்ட் மொழியில், அந்த வி.பி.ஸ்கிரிப்டையே விண்டோஸிலிருந்து படிப்படியாக நீக்கப்போவதாக 2023-இல் அறிவித்தார்கள். எம்.டி.டி. நம்பியிருக்கும் விண்டோஸ் கருவித்தொகுப்பான ஏ.டி.கே.யின் புதுப் பதிப்பில் 32 பிட் பூட் கோப்புகள் இல்லாததால், ஷேரின் பண்புகளில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே எம்.டி.டி.யை நாம் இயக்கும் ஒர்க்பெஞ்ச் திரை விழுந்துவிடுகிறது. காலியாக ஒரு ஃபோல்டரை உருவாக்கி வைத்து அதைச் சமாளிக்கிறார்கள். நம் வரிகள் அத்தனையும் கன்ட்ரோல் அறையில் ஓர் எழுத்துக் குறையாமல் இருக்கின்றன. அவற்றை வாசிக்க வேண்டியவன்தான் போய்க்கொண்டிருக்கிறான்.

ஃபாக்குக்கும் காலம் கருணை காட்டவில்லை. அது நம்பியிருந்த ஐ.எஸ்.சி. டி.எச்.சி.பி. சர்வரின் பராமரிப்பை அதன் சொந்தக்காரர்களே 2022 இறுதியில் நிறுத்தினார்கள். ஆனால் ஃபாக்கின் மூலநிரல் எல்லோர் கண்ணுக்கும் முன் கிடக்கிறது, ஒரு துண்டு போனால் இன்னொரு துண்டை வைத்துத் தைக்க முடிகிறது. திறந்த மூலத்தை நம்பி ஒரு மாநிலப் பள்ளிக் கணினிகளையே நடத்த முடியும் என்பதற்குச் சாட்சி தேடி நாங்கள் தூரம் போக வேண்டியதில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் கைட் நிறுவனம், உபுண்டுவைத் தன் பாடத்திட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்ப மாற்றிப் பள்ளிகளுக்குக் கொடுத்து வருகிறது. உபுண்டுவில் புதுப் பதிப்பு வந்தால் அவர்களும் தங்கள் சேர்க்கைகளை எடுத்துப் புதியதன் மேல் வைக்கிறார்கள்.

ஆள் இல்லாத சின்னப் பள்ளிக்கு எதைச் சொல்வேன் என்று கேட்டால், சில ஆண்டுகளுக்கு முன் எம்.டி.டி. என்றிருப்பேன். இன்று ஃபாக் என்பேன், கூடவே ஒரு நீள நோட்டு வாங்கச் சொல்வேன். எந்த ஃபைல், எந்த வரி என்பதோடு யார் கேட்டு எழுதியது என்பதும் அதில் இருக்க வேண்டும். ‘யார் கேட்டது’ என்ற கட்டம் இல்லாததால்தான் அந்த விசைப்பலகை வரியை உடனே நீக்க எனக்கே துணிவு வரவில்லை. யாரோ எதற்கோ வைத்திருப்பார்கள் என்ற பயம்.

இந்த விடுமுறையில் வணிகவியல் லேபின் 40 கணினிகளையும் ஃபாக்குக்கு மாற்றுகிறோம். கஸ்டம்செட்டிங்ஸில் 57 வரிகள் இருந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியரை வடசேரியில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, காகிதத்தில் எடுத்துப்போன வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டவர், 23-க்குக் காரணம் சொன்னார். 9 வரிகளை இப்போது இல்லாத ஒரு பிரின்டருக்காக வைத்தது என்றார். மீதி 25-ஐத் தனியாக எழுதிவைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஒரு வாரம் பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போகிறேன். நேற்று வரை நான்கு போயிருக்கின்றன, யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏ விசையைத் தட்டினால் ‘அ’ வருகிறது.